'உம்மணாமூஞ்சி' வேண்டாம், 'வாடுமனத்தர்' என்போம்

எந்நேரமும் மனம் வாடியே இருப்பவரைக் குறிக்க 'உம்மணாமூஞ்சி' என்ற வழக்குச் சொல்லையே ஏற்கலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. அது வசைச்சொல். சிறுவயதில் என் சித்தியை நாங்கள் அப்படித்தான் அழைத்தோம். அவர் யாரிடமும் சிடுசிடுத்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. தம்பிக்கு வேலை கிடைத்த செய்தியை ஓடிப்போய்ச் சொன்னபோது, "நிலைக்குமா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியில் பொறாமை துளியும் இல்லை. அவரை வெறும் மூஞ்சியாக்கிவிட்டோமே என்று இன்றும் வருந்துகிறேன்.

'துயரர்' என்பதும் பொருந்தாது. துயருக்குக் காரணம் ஒன்று இருக்கும். தொல்காப்பியம் அழுகைக்குச் சொல்லும் இளிவு (இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை நான்குமே காரணங்கள்தான். நாம் பேசுவதோ காரணம் கேட்டால் சொல்லத் தெரியாத வாட்டத்தைப் பற்றி. நீங்காத வாட்டத்துக்குக் கிரேக்கர் வைத்த 'மெலங்கோலியா' என்ற பெயரை அப்படியே பெயர்த்தால் 'கரும்பித்தம்' என்றாகும். தமிழிலோ பித்து என்றதும் வேறு பொருளே மனத்தில் எழும்.

என் பரிந்துரை 'வாடுமனத்தர்'. வாடுமனம் வினைத்தொகை. ஊறுகாய் என்பதில் ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று முக்காலமும் மறைந்து நிற்பதுபோல, இதிலும் நேற்று வாடிய, இன்று வாடுகின்ற, நாளையும் வாடும் மனம் அடங்கிவிடுகிறது. 'எப்போதும்' என்று தனியாக ஓர் அடைமொழி வேண்டியதில்லை. இந்தப் பொருளுக்கு இதைவிடக் கச்சிதமான இலக்கண வடிவம் எனக்குத் தெரியவில்லை.

நோய்ப்பெயரை இதோடு கலக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் 'டிஸ்தைமியா' என்ற வகையைச் சேர்த்தது. 2013 பதிப்பு அதை நீடித்த மனச்சோர்வு என்ற பொருள்தரும் பெயருக்கு மாற்றியது. பெரியவர்களுக்குக் குறைந்தது 2 ஆண்டுகள் அந்நிலை நீடிக்க வேண்டும் என்பது அதன் வரையறை. அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. அதற்கு 'நீடித்த மனச்சோர்வு' என்பதே போதும். வாடுமனம் இயல்பின் பெயராக மட்டும் இருக்கட்டும்.

'வாடுமுகத்தர்' எளிதாக இருக்குமே என்று சிலர் கேட்கலாம். சிரித்த முகத்தோடு வாடுபவர்களும் இருக்கிறார்கள். மனம் என்றே வைப்போம்.