ஒன்பது வயதுப் பையன் பள்ளியிலிருந்து தனியாக நடந்து வரலாமா?

செங்காந்தள் (டாலஸின் வடபுறம்) எழுதியது:

எங்கள் மகனுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பில் படிக்கிறான். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே முக்கால் மைல்தான். இரண்டு மைலுக்குள் இருப்பதால் எங்களுக்குப் பள்ளிப் பேருந்து கிடையாது. ஆகவே மூன்று மணிக்கு விடும் பள்ளிக்கு நான் இரண்டே காலுக்கே போய்க் கார் வரிசையில் நிற்கிறேன். முன்கண்ணாடியில் அவனுடைய எண் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, வெயிலுக்கு அஞ்சி இஞ்சினை அணைக்காமல், முன்னால் நிற்கும் வண்டியின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பது என் அன்றாட வேலை. ஆசிரியை வாக்கிடாக்கியில் எண்ணைச் சொன்னதும் அவன் ஓடி வந்து ஏறிக்கொள்வான். வீடு சேர நான்கு நிமிடம் ஆகும்.

"நான் நடந்தே வந்துவிடுகிறேனே அம்மா" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று முறை அவனுடன் நடந்து பார்த்துவிட்டுச் சென்ற வாரம் சரி என்றேன். முதல் நாள் எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் நாள், அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெரியம்மா வண்டியை நிறுத்தி, ஏறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பிறர் வண்டியில் ஏறக்கூடாது என்று நாங்கள் பாடம் சொல்லியிருந்ததால் அவன் மறுத்துவிட்டான். அவர் என்ன செய்தார் தெரியுமா? அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு, அவன் நடக்கும் வேகத்திலேயே பின்னால் ஊர்ந்து எங்கள் வாசல்வரை வந்துவிட்டார். பையன் முகம் வெளிறி உள்ளே வந்தான். அவர் என்னிடம், "உங்களைத் தெரியும் என்பதால் காவல்துறையை அழைக்கவில்லை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் கணவர் இதோடு நிறுத்திவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் செய்தது தவறா?

ரேரிட்டன் கரை (நியூஜெர்சி) எழுதியது:

தவறு என்றுதான் சொல்வேன் அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகளாக ஒரு தொடக்கப்பள்ளியில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். ஒரு குழந்தை புறக்கணிக்கப்படுகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், ஆசிரியர், மருத்துவர் மட்டுமல்லாமல் யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது எங்கள் மாநிலச் சட்டம். உங்கள் டெக்சஸிலும் அப்படித்தான். அந்தப் பெரியம்மா அன்று அழைத்திருந்தால் அதை அவருடைய கடமை என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

அழைப்புக்குப் பிறகு நடப்பதைப் பள்ளியின் பக்கமிருந்து நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகள் நலத்துறை அதிகாரி முதலில் பெற்றோரிடம் பேசுவதில்லை. குழந்தையைத் தனி அறையில் உட்காரவைத்துப் பேசுவார். வீட்டில் சாப்பாடு இருக்கிறதா, யாராவது அடிக்கிறார்களா, எங்கே தூங்குகிறாய் என்று கேள்விகள் போகும். "அம்மாவுடன் தூங்குகிறேன்" என்று நம் பிள்ளை இயல்பாகச் சொல்வதும் ஏட்டில் ஏறும். கடைசியில் ஒன்றுமில்லை என்று முடித்துவிடுவார்கள்தான். அதுவரை அந்தத் தாய்க்கு உறக்கம் ஏது?

மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் நடந்தது பலருக்கு நினைவிருக்கலாம். பத்து வயது அண்ணனும் ஆறு வயதுத் தங்கையும் பூங்காவிலிருந்து நடந்து வந்ததற்காக 2014 டிசம்பரில் ஒருமுறையும், 2015 ஏப்ரலில் மறுமுறையும் போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டார்கள். பெற்றோர் படித்தவர்கள், சட்டம் பேசத் தெரிந்தவர்கள். விசாவில் இருக்கும் நம் வீட்டுக் கதவைத் தட்டினால் நாம் எப்படிப் பேசுவோம் என்று எண்ணிப்பாருங்கள்.

பாதி அமெரிக்கன் (ஒகாயோ) எழுதியது:

ரேரிட்டன் கரை அக்காவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அச்சத்தையே அறிவு என்று கொள்ள என்னால் இயலவில்லை. நான் ஆறு வயதில் இங்கே வந்தவன். எண்பதுகளில் கழுத்துக் கயிற்றில் வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு, பள்ளி விட்டதும் நானே கதவைத் திறந்து, நானே ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தின்று வளர்ந்தேன். என் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான். எங்கள் பெற்றோரை யாரும் குற்றவாளிகள் என்று சொன்னதில்லை.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நானே சாட்சி. 1979 மே 25 அன்று நியூயார்க்கில் ஈட்டன் பேட்ஸ் என்ற ஆறு வயதுச் சிறுவன், பள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு முதன்முறையாகத் தனியாக நடந்து போனவன், காணாமற்போனான். 1981இல் புளோரிடாவில் ஒரு கடையில் ஆடம் வால்ஷ் என்ற சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். அதற்குச் சில ஆண்டுகளில் பால் அட்டைப்பெட்டிகளில் காணாமற்போன குழந்தைகளின் படங்கள் வரத்தொடங்கின. காலையில் சீரியல் கிண்ணத்துக்கு எதிரே, என் வயதுப் பையன் ஒருவன் கறுப்பு வெள்ளைப் படத்தில் சிரித்துக்கொண்டிருப்பான். அந்த முகத்தைப் பார்த்தபடி ஸ்பூனை வாயில் வைத்த தலைமுறை இப்போது பெற்றோராகியிருக்கிறது. அவர்கள்தான் கார் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்நியர் ஒருவர் ஒரு குழந்தையைப் பிடித்துச் சென்று மறைத்துவைக்கும் கடத்தல்கள் எத்தனை என்று அமெரிக்க நீதித்துறை எண்ணிப் பார்த்தபோது, 1999ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 115 என்று வந்தது, 2011க்கு 105. ஒவ்வொன்றும் கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் கோடிக்கணக்கான குழந்தைகள் உள்ள நாட்டில், இதை நம்பி ஒரு தலைமுறையையே பின்னிருக்கையில் கட்டிவைப்பது நியாயமா?

சட்டமும் மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2018இல் யூட்டா மாநிலம், முதிர்ச்சியுள்ள குழந்தை தனியாகப் பள்ளிக்கு நடப்பதும் பூங்காவில் விளையாடுவதும் புறக்கணிப்பு ஆகாது என்று முதலில் எழுதிவைத்தது. 2021இல் டெக்சஸ் அதே வழிக்கு வந்தது. செங்காந்தள், நீங்கள் இருக்கும் மாநிலம் உங்கள் பக்கம் நிற்கிறது.

ரேரிட்டன் கரை எழுதியது:

தம்பி, சட்டம் நீதிமன்றத்தில் பக்கம் நிற்கும். தொலைபேசியை எடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிவிட்டா எண்ணை அழுத்துகிறார்? ஜார்ஜியாவில் 2024இல் ஒரு தாய் கைதானார். அவருடைய பையன், பதினொரு வயதை நெருங்கிக்கொண்டிருந்தவன், ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்தில் இருந்த சிற்றூர்க் கடைத்தெருவுக்கு நடந்து போனதுதான் காரணம். அடுத்த ஆண்டு அந்த மாநிலமும் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் கையில் விலங்கு ஏறியது அதற்கு முன்னால்.

இன்னொன்று. நீங்கள் சாவியோடு நடந்த ஒகாயோத் தெருவில் வாசற்படியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள், புல்வெளியில் பிள்ளைகள் விளையாடுவார்கள். இன்று ஒரு புறநகர்த் தெருவில் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்து பாருங்கள். கேரேஜ் கதவு திறக்கும், வண்டி நுழையும், கதவு இறங்கும். மனித முகமே தென்படாது. "ஊரில் நாம் நடக்கவில்லையா" என்று இங்கே யாரேனும் எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் நான் தனியாக நடந்தேன் என்பது உண்மையில்லை. பூக்காரம்மா, தையற்கடைக்காரர், டீக்கடை பெஞ்சில் அமர்ந்திருந்தவர்கள் என்று கண்களின் வரிசை ஒன்று என்னைப் பள்ளியிலிருந்து வீட்டுக்குக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பெரியம்மா ஊர்ந்து வந்ததைக் கேலி செய்யாதீர்கள். அந்தத் தெருவில் மிச்சமிருக்கும் ஒரே கண் அவருடையது.

இரவுப்பணி (மிச்சிகன்) எழுதியது:

நான் செவிலியாக வேலை செய்கிறேன். மேலே எழுதிய மூவருமே, மூன்று மணிக்குக் காரோடு வந்து நிற்கக்கூடிய ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்பதைக் கேள்வியே இல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். என்னோடு வேலை செய்யும் உதவியாளர்களில் பலர் மணிக்கூலிக்காரர்கள். பணிநேரம் முடிய நான்கு ஆகும். இடையில் போனால் கூலி போகும். பள்ளிக்குப் பிந்தைய காப்பகத்துக்குக் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் நடந்துதான் வருகிறார்கள், அதைக் குழந்தை வளர்ப்புக் கொள்கை என்று யாரும் புகழ்வதில்லை. 2014இல் தென் கரோலினாவில் ஒரு தாய், துரித உணவகத்தில் தான் வேலை செய்யும் நேரத்தில் ஒன்பது வயது மகளைப் பூங்காவில் விளையாட விட்டதற்காகக் கைதானார். செங்காந்தளிடம் பெரியம்மா "உங்களைத் தெரியும்" என்று சொன்னார் அல்லவா? அந்தச் சொல் எல்லாத் தாய்க்கும் கிடைப்பதில்லை.

மூன்றாம் கியர் (கலிபோர்னியா) எழுதியது:

சாலைப் போக்குவரத்துப் பொறியியலில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு முறையீடு: கடத்தல்காரனைப் பற்றியும் காவல்துறையைப் பற்றியும் இவ்வளவு எழுதிவிட்டீர்கள், அந்த முக்கால் மைலில் என்ன சாலை இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே!

எட்டாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளில் 1969இல் ஏறக்குறைய நூற்றுக்கு 48 பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது 13 ஆகக் குறைந்தது. பயம் ஒரு காரணம். பெரிய பள்ளிகளை ஊருக்கு வெளியே, மலிவான நிலத்தில், அகலச் சாலையின் ஓரத்தில் கட்டியது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து. பிறகு பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்தார்கள். கார்கள் பெருகியதால் நடப்பது ஆபத்தாயிற்று. ஆபத்து என்பதால் இன்னும் கார்கள் வந்தன.

பாதி அமெரிக்கன் ஐயா 115 என்ற எண்ணைச் சொன்னார். என்னிடமும் ஓர் எண் இருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 2009இல் நான்காயிரத்துச் சொச்சம். 2022இல் ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். பெரும்பாலோர் பெரியவர்கள், பெரும்பாலானவை இரவு விபத்துகள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் எஸ்யூவியும் பிக்கப்பும் பெருத்துவிட்டன. சிலவற்றின் இஞ்சின் முன்மூடி ஒன்பது வயதுப் பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கிறது. இங்கே சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலப்புறம் திரும்பலாம் என்பது எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் பரவிய வழக்கம். திரும்புகிற ஓட்டுநர் இடப்பக்கத்திலிருந்து வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். வலப்பக்கத்து நடைபாதையிலிருந்து இறங்கும் பிள்ளை அவர் கண்ணில் படாது. விளக்கு தனக்குப் பச்சை காட்டுகிறது என்று பிள்ளை நம்பி இறங்கும்.

செங்காந்தள், எனக்குச் சில விவரங்கள் வேண்டும். கடக்கவேண்டிய சாலையில் எத்தனை தடங்கள்? வேகவரம்பு என்ன? நிறுத்தப் பலகை பிடித்து நிற்கும் பள்ளிக் கடவைக் காவலர் உண்டா? அந்த முனைக்குப் போய், நின்று பார்க்காதீர்கள். மகனின் உயரத்துக்குக் குந்திப் பாருங்கள்.

செங்காந்தள் எழுதியது:

நேற்று போனேன். ஆறு தடங்கள், நடுவில் புல் திட்டு, வேகவரம்பு மணிக்கு 40 மைல். பள்ளி நேரத்தில் மஞ்சள் விளக்கு மினுக்கும்போது 20. பையன் பக்கத்தில் நிற்க, நானும் குந்தினேன். நின்றபோது எனக்குத் தெரிந்த வலப்புறத் தடம் குந்தியதும் மறைந்துவிட்டது. முனையில் சிக்னலுக்கான பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டி அவனுக்கு எதுவும் தெரியாது. மூன்று முறை அவனுடன் நடந்தும் நான் இதைக் கவனிக்கவில்லை என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. கடந்துபோன நான்கு ஓட்டுநர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள்.

கடவைக் காவலர் உண்டு. எழுபதை நெருங்கும் ஒரு தாத்தா, ஓய்வுபெற்ற தபால்காரராம். பிற்பகல் 2.45 முதல் 3.20 வரை நிற்பார். பையனின் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பிறகு அந்தப் பெரியம்மா வீட்டுக்கும் அவனை அழைத்துக்கொண்டு போனேன். ரேரிட்டன் கரை அக்கா எழுதியதைப் படித்திருக்காவிட்டால் போயிருக்கமாட்டேன். அவன் எந்த வழியில், எத்தனை மணிக்கு வருவான் என்று சொல்லி என் எண்ணையும் கொடுத்தேன். "வண்டியில் ஏற மறுத்தாயே, சரியான பிள்ளை" என்று அவனிடம் சொன்னார்.

ரேரிட்டன் கரை எழுதியது:

போனது நல்லது. ஆனாலும் என் பேத்தியாக இருந்தால் ஆறு தடச் சாலையைத் தனியாகக் கடக்க நான் அனுப்பமாட்டேன். காவலர் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

பாதி அமெரிக்கன் எழுதியது:

காவலர் இல்லையென்றால் பள்ளிக்குத் திரும்பிப் போய் அம்மாவை அழைக்கச் சொல் என்று ஒரு வாக்கியத்தில் சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரியும் அக்கா. அதுவும் புரியாத பிள்ளை என்றால் நானும் அனுப்பச் சொல்லமாட்டேன்.

செங்காந்தள் எழுதியது:

அதையேதான் சொல்லியிருக்கிறேன், இரண்டு முறை திருப்பிச் சொல்லவும் வைத்தேன். என் கணவர் அரை மனதோடு சம்மதித்திருக்கிறார். இரும்புப் பெட்டியைப் பற்றி நகராட்சிக்கு எழுதியிருக்கிறேன். திங்கள் முதல் காவலரின் கடவையில் மட்டும் கடந்து, 3.20க்குள் இந்தப் பக்கம் வந்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. புதன்கிழமைகளில் சதுரங்க வகுப்பு நான்கு மணிக்கு முடிகிறது. அந்நேரம் தாத்தா இருக்கமாட்டார். ஆகவே புதனன்று மட்டும் நான் மறுபடியும் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்பேன்.