பாம்பன் பக்கப் பேச்சு தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

அறிவுசார் குறைபாடுள்ள ஒன்பது வயது மகனை வளர்க்கும் மீனவப் பெற்றோர் பற்றி ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதுகிறோம். கதை நடப்பது பாம்பனில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில். விசைப்படகு நிற்பதால் அப்பா வீட்டிலிருப்பார்.

முக்கியக் காட்சி, அவர் மகனுக்கு டவுசர் போடக் கற்றுத்தருவது. கடைசிப் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முட்டிக்கு மேல் வரை அப்பா ஏற்றிவிட, இடுப்புக்கு இழுப்பதை மட்டும் பிள்ளை செய்வான். அது கைவந்ததும் முட்டியிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. இலாஸ்டிக் தளர்வாக, ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், பொத்தான் பிறகு. கெடுவது எங்கே என்றால், அவசரத்தில் அம்மா தானே இழுத்துவிடுவாள், பிள்ளை காத்திருக்கப் பழகிவிடுவான். ‘இழு, இழு’ என்று ஓயாமல் சொன்னாலும் அப்படித்தான், சொன்னால்தான் செய்வான். (தொடர்களில் இதை ஒரே பாட்டில் முடித்துவிடுகிறார்கள்!)

வலிப்புக் காட்சியும் உண்டு. அப்பத்தா சாவியைக் கையில் திணிக்க வர, அம்மா தடுத்து ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். வாயில் எதுவும் வைக்கமாட்டாள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தவர் யாராவது வசனத்தைத் திருத்தித் தர முடியுமா? குறிப்பாக, அப்பத்தா அந்த நேரத்தில் என்ன சொல்லிக் கத்துவார்? சிறப்பாசிரியர்கள் டவுசர் காட்சியைப் பார்த்துக் குறை சொன்னாலும் நல்லது.