குடியிருப்போர் சங்கத்தின் பாரபட்சம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் வசதி படைத்தோர் வாழும் ஒரு புறநகரில் கடந்த ஆண்டு வீடு வாங்கிக் குடியேறினோம். எங்கள் தெருவில் இந்தியக் குடும்பம் நாங்கள் மட்டுமே. தீபாவளியன்று வாசலில் போட்ட அரிசி மாவுக் கோலத்தை ‘நடைபாதைக் கறை’ என்று குறிப்பிட்டு, புகைப்படத்துடன் அபராதக் கடிதம் அனுப்பிய குடியிருப்போர் சங்கம், எதிர் வீட்டு ஹாலோவீன் எலும்புக்கூடு டிசம்பர் வரை தொங்கியதைக் கண்டுகொள்ளவே இல்லை. தாளிப்பு வாசனை குறித்தும் புகார் வந்தது. அவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம், பள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் நின்ற என் மகளிடம், ‘உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போங்கள்’ என்று வயதில் மூத்த ஒருவர் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

இனம், பூர்விக நாடு ஆகியவற்றின் பெயரால் குடியிருப்பில் பாகுபாடு காட்டுவதை 1968ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது என்பதும், கூட்டாட்சி வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள்ளும், மாநிலக் குடிமை உரிமைப் பிரிவிடம் 180 நாட்களுக்குள்ளும் புகார் அளிக்க வேண்டும் என்பதும் தெரியும். இவ்வாறு புகார் அளித்தவர்கள் இக்குழுவில் இருந்தால், எந்த வழியை முதலில் நாடினீர்கள், என்னென்ன ஆதாரங்கள் கேட்கப்பட்டன, வழக்கறிஞர் கட்டாயம் தேவைப்பட்டாரா என்பதைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். வீட்டை விற்றுவிட்டு, இந்தியர்கள் அதிகம் வாழும் எடிசன் நகரப் பக்கம் போய்விடுங்கள் என்ற அறிவுரை ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது.