ஐ5-7200யூ-வா, ஐ5-8250யூ-வா? பழைய லேப்டாப்புக்கு எது சரி?

கேள்வி:
செகண்ட் ஹேண்டில் இரண்டு லேப்டாப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ப்ராசஸர்தான் வேறு: ஒன்று இன்டெல் ஐ5-7200யூ, இன்னொன்று இன்டெல் ஐ5-8250யூ. பின்னது 4,000 ரூபாய் கூடுதல். டேலி, எக்செல், எப்போதாவது வீடியோ எடிட்டிங். கூடக் கொடுக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. 7200யூ 2 கோர் (கணக்கிடும் மையம்), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 3 எம்பி கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகம்). 8250யூ 4 கோர், 8 த்ரெட், 6 எம்பி. பேஸ் ஸ்பீடு 2.5 எங்கே, 1.6 கிகாஹெர்ட்ஸ் எங்கே என்று மலைக்காதீர்கள், டர்போவில் (தேவைப்படும்போது எட்டும் உச்ச வேகம்) 7200யூ 3.1, 8250யூ 3.4. டேலி மட்டும் என்றால் வித்தியாசமே தெரியாது, வீடியோ எக்ஸ்போர்ட்டில் நன்றாகவே தெரியும். தவிர, விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் 8250யூ உண்டு, 7200யூ இல்லை.

பதில் 2:
இரண்டுமே 15 வாட் சிப், மின்சாரமும் சூடும் அந்த வரம்புக்குள்தான். அதனால் 8250யூ-வில் நாலு கோரும் சேர்ந்து ஓடினால் 3.4 நிற்காது. வாங்கும் முன் சார்ஜர் மாட்டி, சினிபெஞ்ச் (ப்ராசஸரைச் சோதிக்கும் மென்பொருள்) 10 நிமிடம் ஓட்டி, டாஸ்க் மேனேஜரில் ஸ்பீடைப் பாருங்கள். 1.6-க்கும் கீழே போனால் பெரும்பாலும் ஃபேனில் தூசி, இல்லையென்றால் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். வாட் குறைந்த டூப்ளிகேட் சார்ஜர் என்றாலும் இப்படி இறங்கும், அதையும் கவனியுங்கள்.

பதில் 3:
ப்ராசஸர் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும், பிறகு மாற்ற முடியாது. ரேம் ஸ்லாட் காலியா என்று கேளுங்கள். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 போட்டால் டூயல் சேனல் ஆகி (இரண்டு ரேமும் சேர்ந்து வேலை செய்து), உள்ளிருக்கும் கிராபிக்ஸும் வேகம் எடுக்கும்.