வேலையை எழுதித் தரச் சொல்லிக் கேட்டா அது சலுகையோ?

கொம்பனித்தெரு_கணக்கர்:
34 வயசிலதான் எனக்கு ஏடிஎச்டி (கவனத்தை ஒரு இடத்தில வச்சிருக்கக் கஷ்டப்படுற மூளை வளர்ச்சி நிலை) எண்டு டொக்டர் சொன்னவர். மாத முடிவுக் கணக்கு பாக்கிற வேலை. எச்.ஆரிட்ட மூண்டு விஷயம் கேட்டன்: வேலையை வாயால சொல்லாம ஈமெயிலில அனுப்புங்கோ, பெரிய ரிப்போர்ட்டுக்கு நடுவில ஒரு செக் திகதி வையுங்கோ, பிரிண்டருக்குப் பக்கத்தில இருக்கிற என்ர மேசையை மாத்துங்கோ. "உமக்குத் தந்தா எல்லாரும் கேப்பினம்" எண்டு முடிச்சிட்டினம்.

ராஜகிரிய_லீட்:
கோவிக்காதையும் தம்பி. எனக்குக் கீழ 11 பேர். ஒருத்தர் பிந்தினா இரவிருந்து முடிக்கிறது மற்ற ஆக்கள். கவனம் சிதறாத ஆள் ஆர்? காலி வீதி ட்ராஃபிக்கில வந்து இறங்கினா எனக்கும்தான் தலை ஓடாது.

தெஹிவளை_அக்கா:
அண்ணை, களைப்புக்கு ஆரும் அந்தப் பேர் வைக்கிறேல்லை. அறிகுறி சிலது 12 வயசுக்கு முதலே இருந்திருக்கோணும். வீட்டிலயும் வேலையிலயும், குறைஞ்சது ரெண்டு இடத்தில தெரியோணும். பெரியாக்களுக்கு ஆகக்குறைஞ்சது அஞ்சு அறிகுறி இருக்கோணும். பின்னேரம் மூண்டு மணிக்கு டீ குடிச்சாத் தீருற விஷயமில்லை.

ராஜகிரிய_லீட்:
சரி, சட்டத்தில இருக்கோ?

புதுக்கடை_கறுப்புக்கோட்:
இலங்கையின்ர மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கம், 23ஆம் பிரிவு: ஆள் சேர்க்கேக்க பாகுபாடு கூடாது. ஆனா வரைவிலக்கணத்தைப் பாருங்கோ. தன்ர வாழ்க்கைத் தேவையைத் தானே முழுசாவோ பாதியாவோ பாத்துக்கொள்ள ஏலாத ஆள்தான் மாற்றுத்திறனாளியாம். சம்பளம் எடுத்து வாடகை கட்டுற தம்பி அதுக்குள்ள வருவாரோ? 2016இல இலங்கை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றின ஐ.நா. உடன்படிக்கையில நியாயமான வசதியை மறுக்கிறதும் பாகுபாடுதான். எண்டாலும் உள்ளூர்ச் சட்டமா வராம அதை மட்டும் வச்சு இஞ்ச வழக்காடேலாது. லண்டன் மச்சானுக்கெண்டா 2010 சமத்துவச் சட்டம் கை குடுக்கும்.

கொம்பனித்தெரு_கணக்கர்:
வழக்குக்குப் போற யோசனையே இல்லை. எச்.ஆரிட்ட சொன்ன அடுத்த கிழமை கன்டீனில ஒருத்தர் "அங்கொடையில பதிஞ்சாச்சோ?" எண்டார், மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லி. (அவருக்கு நான் சொல்லவேயில்லை.)

தெஹிவளை_அக்கா:
இதாலதான் நான் இன்னும் வாய் திறக்கேல்லை.

ராஜகிரிய_லீட்:
அது பிழைதான், நான் வெக்கப்படுறன். ஈமெயில் சரி, மேசையும் பாக்கலாம். பிந்தினா ஆர் சுமக்கிறது எண்டதுக்குத்தான் இன்னும் பதில் வரேல்லை.

கொம்பனித்தெரு_கணக்கர்:
செக் திகதி கேட்டதே அதுக்குத்தானே அண்ணை. 30ஆம் திகதி இரவு தெரியவாற பிந்தல் 20ஆம் திகதியே தெரிஞ்சா ஆரும் இரவிருக்கத் தேவையில்லை.

ராஜகிரிய_லீட்:
20ஆம் திகதியும் பிந்தினா?

கொம்பனித்தெரு_கணக்கர்:
அண்டைக்கே ஏசுங்கோ. எழுத்தில.