வயிறு நிறைந்தும் பால் ஏறாத மாடு: தொட்டியில் எந்தச் சத்து விட்டுப்போனது? பார்த்ததைப் பகிருங்கள்

கொட்டகை மேற்பார்வை, ஈரோடு பக்கம்

"40 கிலோ கோ 4 தீவனப் புல் வெட்டிப் போடுகிறேன். மாடு வயிறு முட்டத் தின்கிறது. பால் 5 லிட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது." வாரம் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. நீர், மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, தாது உப்பு, வைட்டமின் என்று ஆறையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட, தொட்டியைப் பார்த்து எது குறை என்று சொல்லத் திணறுகிறார்கள். மாட்டிடம் கண்ட அறிகுறியை அளவோடு எழுதுங்கள். "நல்ல தீவனம் போடுங்கள்" என்ற பொதுப்பேச்சு வேண்டாம்.

தீவனக் கணக்கு, நாமக்கல்

அந்த 40 கிலோவிலேயே விடை இருக்கிறது. கோ 4 புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மாட்டின் வயிற்றுக்குப் போவது 8 கிலோ உலர்பொருள்தான். அதில் செரிக்கும் சத்து சுமார் 55 சதவீதம், அதாவது 4.4 கிலோ. 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு தன் உடம்பைக் காத்துக்கொள்ளவே 3 கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 கிலோ. லிட்டர் பாலுக்கு 320 கிராம் வேண்டும் என்றால் நாலு லிட்டர்தான் கணக்கில் வரும். ஐந்தாவது லிட்டர் மாட்டின் முதுகுச் சதையிலிருந்து கறந்தது.

எடையில் 3 சதவீதம் உலர்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 400 கிலோ மாட்டுக்கு 12 கிலோ. 10 லிட்டர் கறவைக்கு 30 கிலோ பசும்புல் (உலர்பொருள் 6), 3 கிலோ வைக்கோல் (2.7), 4 கிலோ கலப்புத் தீவனம் (3.6) போட்டால் மூன்றும் சேர்ந்து கணக்கை எட்டிவிடும். பசும்புல் இல்லாமல் வைக்கோலையே நம்பியிருந்தால் உடம்புக்கு ஒன்றரை கிலோ, பிறகு லிட்டருக்கு 400 கிராம் என்று கலப்புத் தீவனம் ஏற வேண்டும்.

100 கிலோ கலப்புக்கு: மக்காச்சோளம் 35, கடலைப் புண்ணாக்கு 22, கோதுமைத் தவிடு 25, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 15, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1. புரதம் 18 சதவீதம் அளவில் நிற்கும். மக்காச்சோளத்தை ரவை பதத்துக்கு உடையுங்கள். முழு மணி சாணத்தில் அப்படியே வந்து விழும். சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்து சல்லடையில் ஊற்றினால் கண்ணுக்கே தெரியும்.

தண்ணீர் குறைந்தால் மற்ற ஐந்தும் வீண். பாலில் 87 சதவீதம் அதுதான். காலையும் மாலையும் வாளியில் காட்டுவதை விட்டு, தொட்டியில் எப்போதும் நீர் நிற்கும்படி செய்யுங்கள்.

கால்நடை மருத்துவர்

மாவுச்சத்து கூடினாலும் ஆபத்து. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மருத்துவமனை வாசலைப் பார்த்தால் புரியும். பிரியத்தோடு ஊட்டிய பொங்கலும், பந்தியில் மிஞ்சிய சோறும் பெருவயிற்றில் (தீவனம் முதலில் தங்கி நொதிக்கும் பெரிய இரைப்பை) சில மணி நேரத்தில் புளித்து லாக்டிக் அமிலமாகிவிடும். அங்கே அமில கார நிலை (pH) 6க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டும். 5.5க்குக் கீழே போனால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். உடம்பு நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபடும். அதனால்தான் கண் குழிவிழுகிறது. அசை போடாது, பல்லைக் கடிக்கும், சாணம் சாம்பல் நிறத்தில் புளிப்பு வாடையோடு இளகிப் போகும்.

உடனே தானியம், தவிடு, கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். மாடு நன்றாக விழுங்கும் நிலையில் இருந்தால் 100 கிராம் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியே எதுவும் வேண்டாம், மருத்துவரை அழையுங்கள்.

இதன் மெல்லிய வடிவம் தினமும் நடக்கிறது: புல்லை மாவு மாதிரி நறுக்கிவிட்டு கலப்புத் தீவனத்தை ஏற்றுவது. அசை போட்டால்தானே உமிழ்நீர் சுரந்து அமிலத்தைத் தணிக்கும்? அசை குறைந்தால் பாலில் கொழுப்பு இறங்கும், சொசைட்டியில் விலை வெட்டு விழும். ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் நறுக்குங்கள்.

புண்ணாக்கு பற்றி ஒன்று

தண்ணி காட்டும் வழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். புண்ணாக்கையும் தவிட்டையும் குடம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் மாடு உறிஞ்சிக் குடிக்கும், உமிழ்நீர் சேராது, அடியில் தங்கிய கசடு புளிக்கும். புட்டு மாவு பதத்தில் பிசறி வையுங்கள், குடிநீரைத் தனியாக வையுங்கள்.

புண்ணாக்கை உடைத்து மோந்து பாருங்கள். உள்ளே பச்சையோ கறுப்போ பூசணம் இருந்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு இருக்கும் ஆபத்து. வேகவைத்தாலும் வெயிலில் போட்டாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது, பாலிலும் இறங்கும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் போட்டு 21 நாள் மூடினால் அந்தப் புரதம் இரு மடங்காகும். பிரித்ததும் காற்றாட விட்டு, நெடி போன பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் கன்றுக்கு வேண்டாம். கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. யூரியாத் தண்ணீரைக் குடித்த மாடு ஒரு மணி நேரத்துக்குள் செத்துப்போகலாம்.

மீண்டும் மருத்துவர்

தாது உப்பை விட்டுவிட்டோம். கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல், கழுத்தை விலாப்பக்கம் மடித்து, காது சில்லென்று கிடக்கும் பசு. கன்று ஈன்ற காய்ச்சல் என்பார்கள், ஆனால் உடம்பு சூடு ஏறாது, இறங்கும். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) வெளியேறுகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடுவது வெறும் 3 கிராம் அளவுதான். எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்ட வேண்டும். சினையின் கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக்கை ஊற்றித் தள்ளினால், எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கமே தூங்கிவிடும். கொடுக்க வேண்டியது ஈன்ற பிறகு. படுத்த மாட்டுக்கு நரம்பில் மருந்து ஏற்றும்போது இதயத் துடிப்பைக் கேட்டபடி மெதுவாக ஏற்ற வேண்டும். கடையில் வாங்கி நாமே ஏற்றினால் மாடு ஊசியோடு சாகலாம்.

துணி, எலும்பு, மண், செருப்பு என்று மெல்லும் மாட்டுக்குப் பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவு. குடல்புழுவும் காரணமாகலாம், சாணத்தைச் சோதித்துவிடுங்கள். கலப்புத் தீவனத்தில் தாது உப்பு சேர்க்காதவர்கள் தினம் 50 கிராம் தனியாகப் போடுங்கள்.

ஈரோடு பக்கம்

கொழுப்பும் வைட்டமினும் மிச்சம். கொழுப்புக்கு மாவுச்சத்தைவிட ஆற்றல் இரண்டேகால் மடங்கு, ஆனால் மொத்த உலர்பொருளில் 6 சதவீதத்தைத் தாண்டினால் நார்ச்செரிமானம் கெடும். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு சில நாளிலேயே காறிப்போகும், வாரத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். பி வைட்டமின்களைப் பெருவயிற்று நுண்ணுயிர்களே செய்துகொள்ளும். ஏ வைட்டமின் பச்சையிலிருந்து வர வேண்டும். கோடையில் வைக்கோலை மட்டும் தின்ற சினை மாடு அந்தி நேரத்தில் கட்டுத்தறியில் முட்டிக்கொண்டால் மாலைக்கண் என்று சந்தேகியுங்கள். தினம் 3 கிலோ அகத்தியோ வேலிமசாலோ கிடைத்தால் போதும்.

பச்சை கிடைக்கிறதே என்று மறுதாம்புச் சோளத்தில் (அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பது) மட்டும் மேய விடாதீர்கள். வறட்சியில் வாடி, மழைக்குப் பிறகு துளிர்த்த முழங்கால் உயரத் தட்டில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பூவெடுத்த பிறகு அறுங்கள்.