வௌவால் கருவியைக் கொண்டு ஓங்கில்களின் (டால்பின்களின்) ஒலியைப் பதிவு செய்யலாமா?

கோத்தகிரி ஆசிரியர்:
எங்கள் பள்ளியின் ஓட்டுக்கூரைக்கடியில் அந்தி நேரத்தில் பறக்கும் வௌவால்களின் மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை, ஒரு கருவியில் பதிவு செய்து, பத்து மடங்கு மெதுவாக்கி மாணவர்களுக்குக் கேட்கச் செய்கிறேன். விடுமுறையில் அவர்களை ராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற கடலோர ஊருக்கு அழைத்துச் செல்லும்போது, இதே கருவியை நீர்புகா உறையிலிட்டுக் கடலில் இறக்கி ஓங்கில்களின் ஒலியைப் பதிவு செய்ய இயலுமா?

குன்னூர் வாசகர்:
இயலாது ஐயா. காற்றுக்கென அமைந்த ஒலிவாங்கி நீருக்கடியில் பயன்படாது. நீரின் அழுத்த மாற்றத்தை மின்குறிப்பாக மாற்றும் பீங்கான் உணரி கொண்ட ஹைட்ரோஃபோன் வேண்டும். ஓங்கில்களின் சீழ்க்கையில் பெரும்பகுதி 20 கிலோஹெர்ட்சுக்குக் கீழே இருப்பதால் நம் காதுக்கே கேட்கும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழும், ஓங்கிலின் உறவினமான, முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றியோ சீழ்க்கை அடிப்பதில்லை. அதன் கிளிக் ஒலிகள் 100 கிலோஹெர்ட்சுக்கும் மேலே இருப்பதால், ஒலியை நொடிக்கு 3,00,000 முறைக்குக் குறையாமல் அளந்து மாதிரி எடுக்கும் பதிவுக்கருவி தேவைப்படும். நீர்மட்டத்துக்கு மேல் ஒரு கணமே தலைகாட்டும் இவ்வுயிரை அறிய, கண்ணைவிட ஒலியே நம்பகமான வழி என்பது என் உறுதியான கருத்து.

கொடைக்கானல் வாசகர்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் நீரில் விரைவில் தேய்ந்துவிடுவதால், சில நூறு மீட்டருக்கு அப்பால் அது பதிவாகாது. பதிவில் ஒலி இல்லை என்பதால் விலங்கும் இல்லை என்று மாணவர்கள் முடிவு செய்யக்கூடாது. படகின் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முதலில் காதில் விழுவது, தாளிக்கும்போது கடுகு வெடிப்பதைப் போன்ற சொடுக்கு இறால்களின் இடைவிடாத ஓசையாகவே இருக்கும்.

கோத்தகிரி ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. அவ்விறால்களின் ஓசையிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.